பத்து நிமிட நிழல்

திரௌபதிக்குச் சத்யாவைப் பார்த்தால் வயிறெரியும். இது குப்பத்தில் எல்லோருக்கும் தெரியும், சத்யா ஒருத்தியைத் தவிர. அவளுக்குத் தெரியாமல் இருப்பதும் திரௌபதிக்கு எரிச்சல்தான். மாங்கு மாங்கென்று ஒருத்தி பொறாமைப்படுகிறாள், அதைக்கூடக் கண்டுகொள்ளாமல் இன்னொருத்தி சிரித்துக்கொண்டு திரிந்தால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

சத்யா சித்தப்பா மகள். பெற்றவர்கள் இருவரும் ஒரே வருடத்தில் போய்ச் சேர, எட்டு வயதில் திரௌபதியின் வீட்டுக்கு வந்தவள். அன்றிலிருந்து பாயில் பாதி, ரிப்பனில் பாதி, தீபாவளித் துணியில் பாதி. பாதியோடு நின்றிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருக்கலாம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் நைனா நண்டுக்காலை உடைத்து முதலில் சத்யா தட்டில்தான் போடுவார். தாயில்லாப் பிள்ளையாம். தாய் இருக்கிற பிள்ளைக்கு நண்டுக்கால் கசக்குமா? திரௌபதிக்கு இப்போது முப்பத்தெட்டு வயது, அவளுக்கே வயதுக்கு வந்த மகள் இருக்கிறாள். அந்த நண்டுக்காலை மட்டும் இன்னும் மறக்கவில்லை.

கல்யாணமாகியாவது கண்ணில் படாமல் தொலைந்தாளா என்றால் அதுவும் இல்லை. திரௌபதி வாழ்க்கைப்பட்ட குப்பத்துக்கே, அதுவும் எதிர்வீட்டுக்கே மருமகளாக வந்து சேர்ந்தாள். புருஷன் வினோத் தங்கமான பையன். சாயங்காலமானால் வாசலில் உட்கார்ந்து பெண்டாட்டிக்குத் தலை பின்னிவிடுவான். திரௌபதியின் புருஷன் அங்கமுத்துவுக்கோ தன் பெண்டாட்டிக்குத் தலை என்று ஒன்று இருப்பதே ஞாபகம் இருக்கிறதோ இல்லையோ. சத்யா ஏழு மாதம் முழுகாமல் இருந்த நேரம் அது. வினோத் குடத்தைத் தூக்கவிட மாட்டான், குனியவிட மாட்டான். எதிர்வீட்டில் நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்பது திரௌபதியின் தலையெழுத்து.

இத்தனைக்கும் மேல் பாடும் அவர்களுக்கே போனது. அதைத்தான் திரௌபதியால் தாங்க முடியவில்லை.

பாடு என்றால் முறை. பழவேற்காடு ஏரி கடலோடு சேர்கிற முகத்துவாரத்தில் இறால் ஓடும் தடங்கள் சிலதுதான். ஆளாளுக்கு வலை கட்டினால் அடிதடிதான் மிஞ்சும். அதனால் ஊரில் ஒரு பெயர்ப்பட்டியல் உண்டு. யார், என்றைக்கு, எந்தத் தடத்தில் கழி நட்டு வலை கட்டலாம் என்பதை அந்தப் பட்டியல்தான் சொல்லும். அதில் பேர் இருந்தால் ஊரில் மனுஷன். இல்லாவிட்டால் கரையோரமாகத் தடவித் தடவி நாலு நண்டு பிடித்துக்கொண்டு கிடக்க வேண்டியதுதான்.

அங்கமுத்துவின் பேரும் ஒரு காலத்தில் பட்டியலில் இருந்தது. ஆறு வருடத்துக்கு முன்னால் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை கிடைத்ததென்று போனான். மாதச் சம்பளத்துக்குப் போனவனுக்குப் பாடு கிடையாது என்பது ஊர்க் கட்டுப்பாடு, பேரை அடித்துவிட்டார்கள். கொரோனா வந்தது, கான்ட்ராக்ட் முடிந்தது, அங்கமுத்து வீட்டுக்கு வந்தான். அந்த ஆனி மாதம் பட்டியலில் ஓர் இடம் காலியானது. கேட்டவர்கள் இரண்டே பேர், அங்கமுத்துவும் வினோத்தும். ஊர்த்தலைவர் விஜயராகவன் இரண்டு சீட்டு எழுதிச் சொம்பில் போட்டுக் குலுக்கினார். வினோத் பேர் வந்தது. வராமல் எங்கே போகும்? சத்யாவின் புருஷனாயிற்றே.

ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் இருந்தது. புதுப்பேர் வாங்கியவன் தன் முதல் பாடு நாளன்று முதல் கழியைத் தன் கையாலேயே நட வேண்டும். ஆள் வைக்கக்கூடாது, அண்ணன் தம்பியை அனுப்பக்கூடாது. கல்யாணமோ சாவோ காய்ச்சலோ, எந்தச் சாக்கும் செல்லாது. அன்றைக்கு வராவிட்டால் பேர் அடுத்த சீட்டுக்காரனுக்குப் போய்விடும். வினோத்துக்கு ஆடி அமாவாசை விடியற்காலை என்று முறை குறித்தார்கள். அடுத்த சீட்டுக்காரன் அங்கமுத்து.

இந்த நேரத்தில்தான் திரௌபதிக்கு ஒரு வேலை வந்தது. வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் பார்க்கிற வேலை. நீலத் தொப்பி, முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் கண்ணாடி, தோளில் பை, கையில் நெற்றிக்கு நேரே பிடித்துச் சூடு பார்க்கிற கருவி. பிள்ளைகள் அதைக் காய்ச்சல் துப்பாக்கி என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சத்யாவிடம் இல்லாத ஒன்று திரௌபதியிடம் இருந்தது. தெருவில் நடந்தால் ஆம்பிளைகள் பீடியை மறைத்தார்கள். உள்ளுக்குள் அவளுக்கு உச்சி குளிர்ந்தது.

வேலைக்குச் சேர்ந்த அன்று சுகாதார ஆய்வாளர் பால்ராஜ் பொன்னேரியில் எல்லோரையும் தள்ளித் தள்ளி உட்கார வைத்துப் பாடம் எடுத்தார். "நூறுக்கு மேல இருந்தா சிவப்புத் தாள்ல எழுதணும். எழுதிட்டா அந்த ஆளு டெஸ்ட்டுக்குப் போவணும், ரிசல்ட் வர வரைக்கும் வூட்ட சுத்தித் தகரம் அடிச்சுடுவாங்க. தொற்றுநோய்ச் சட்டம், யாரும் கேள்வி கேக்க முடியாது. அதனாலதான் சொல்றேன், வெயில்ல நிக்கிறவங்க நெத்தி சும்மாவே சுடும். பத்து நிமிஷம் நெழல்ல உக்கார வெச்சு, நீங்களும் கூடவே நின்னு, அப்பால இன்னொரு தபா பாருங்க. ரெண்டாவதா வர்றததான் எழுதணும்." சிவப்புத் தாளில் அதற்கென்றே இரண்டு கட்டம் இருந்தது. நிழலில் உட்கார வைத்த நேரம், சூடு பார்த்த நேரம்.

திரௌபதியோடு சேர்ந்தவள் மஸூதா. டவுனில் மளிகைக்கடை வைத்திருக்கும் இனாயத்துல்லாவின் மகள். அவள் அந்தப் பத்து நிமிடத்தை வேதவாக்காக எடுத்துக்கொண்டாள். மரம் இல்லாத தெருக்களுக்காக ஒரு குடையும் மடக்கு ஸ்டூலும் தூக்கிக்கொண்டு திரிந்தாள். "ஒரு மனுசன வூட்டுக்குள்ள போட்டுப் பூட்டப் போறோம், பத்து நிமிஷம்கூட குடுக்கலன்னா எப்டிக்கா" என்பாள். திரௌபதிக்கு அப்போது அது அதிகப்பிரசங்கித்தனமாகத் தெரிந்தது.

அமாவாசைக்கு ஐந்து நாள் இருந்தது. உச்சி வெயில். வினோத் வாசல் மணலில் சவுக்குக் கழிகளைப் பரப்பிப் போட்டு ஒவ்வொன்றாக முனை சீவிக்கொண்டிருந்தான். முதல் பாடு நாளுக்கான கழிகள். சட்டை இல்லை, முதுகு பளபளத்தது.

"வாக்கா, வந்து சுடு" என்று சிரித்துக்கொண்டே நெற்றியைக் காட்டினான்.

கருவி கீச்சென்றது. நூற்றொன்று புள்ளி நாலு.

"காலைல புடிச்சி வெயில்லதான் நிக்கிறேன், அதான். செத்த நெழல்ல உக்கார்றேன், அப்பால ஒரு தபா பாரு" என்று அவனே சொன்னான். பூவரச மரம் ஐந்தாறு அடியில்தான் நின்றது. திரௌபதியும் உட்காரச் சொல்லத்தான் வாயெடுத்தாள். அந்த நேரம் பார்த்துச் சத்யா வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையில் இரண்டு டம்ளர் சர்பத்.

"உனக்கும் சேத்துதான் போட்டேன்கா. இந்தா" என்று ஒரு டம்ளரைத் திண்ணையில் வைத்தாள். வைத்துவிட்டு முந்தானையால் புருஷனின் நெற்றியைத் துடைத்தாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு நெற்றியைக் கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. வேறு ஒன்றும் இல்லை.

அந்த முந்தானையைப் பார்த்ததும் திரௌபதிக்குள் என்னவோ திரும்பியது. பாய், ரிப்பன், நண்டுக்கால், தலை பின்னல், சொம்புக்குள் இருந்து வந்த சீட்டு, எல்லாம் ஒரு சேர மேலே வந்தது. எல்லாமே இவளுக்கா? நான் ஒருத்தி எதற்குப் பிறந்தேன்?

"எனக்கு நேரம் இல்ல. செசிலியா வூட்டுக்குப் போவணும்" என்றாள்.

"எழுதிடாதக்கா" என்றான் வினோத். சிரிப்பு போய்விட்டது. "பத்து நிமிஷம்தான கேக்குறேன்."

திரௌபதி நடந்தாள். சர்பத்தைத் தொடவில்லை. நாலு வீடு தள்ளி இருந்த செசிலியா வீட்டுச் சுவரோரம் நின்று சிவப்புத் தாளை எடுத்தாள். வினோத், வயது இருபத்தொன்பது, நூற்றொன்று புள்ளி நாலு. நிழலில் உட்கார வைத்த நேரம் என்ற கட்டம் வந்ததும் பேனா கொஞ்சம் நின்றது. பன்னிரண்டு ஐந்து என்று எழுதினாள். பார்த்த நேரம் பன்னிரண்டு பதினைந்து. எழுதிய கையோடு செசிலியாவைக் கூப்பிட்டு அவள் நெற்றியைப் பார்த்து, வழக்கமான நோட்டில் பன்னிரண்டு பத்து என்று கடிகாரத்தைப் பார்த்து ஒழுங்காகக் குறித்தாள். இரண்டு நேரமும் மோதுவதை அவள் கவனிக்கவே இல்லை. பொறாமைக்காரிக்குப் பொய் சொல்லத் தெரியும், நேரம் பார்க்கத் தெரியாது.

சாயங்காலம் வேன் வந்தது. உள்ளே ஏற்கெனவே ஏழு பேர் இடித்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலோரம் ஒரு பெரியவர் இருமிக்கொண்டே இருந்தார். பால்ராஜ் இறங்கினார். நாலு நாளாகத் தூங்காத முகம்.

வினோத் கையெடுத்துக் கும்பிட்டான். "சார், எனக்கு ஒண்ணும் இல்ல. இப்பவே பாருங்க."

பால்ராஜ் பார்த்தார். தொண்ணூற்றெட்டு புள்ளி இரண்டு. "மாத்திரை போட்டா எறங்கும்பா. எத்தன பேர பாத்துட்டேன். சிவப்புத் தாள்ல ஏறிட்டா நானே நெனச்சாலும் அடிக்க முடியாது."

"அப்ப டெஸ்ட்டுக்கு வரேன் சார், என் பைக்ல வரேன். இந்த வண்டில வாணாம், அவரு இருமுறாரு பாருங்க."

"தனியா போவ சட்டத்துல எடம் இல்லப்பா. நடுவுல நாலு பேரப் பாத்துட்டுப் போவ, யாரு பொறுப்பு?" சொன்னவர் சற்றுத் தயங்கித் திரௌபதியின் பக்கம் திரும்பினார். கெட்ட மனுஷர் இல்லை. "ஏம்மா, நெழல்ல உக்கார வெச்சியா?"

தெருவே நின்றது. செசிலியா நின்றாள். அங்கமுத்து வாசலில் நின்றான். சத்யா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் துளி சந்தேகம் இல்லை. அக்கா உண்மையைச் சொல்லிவிடுவாள், எல்லாம் சரியாகிவிடும் என்கிற நம்பிக்கைதான் இருந்தது. அந்த நம்பிக்கையையும் திரௌபதியால் சகிக்க முடியவில்லை.

"வெச்சேன் சார்" என்றாள்.

வினோத் அவளை ஒரு பார்வை பார்த்தான். சிவப்புத் தாளுக்கு முன்னால் தன் பேச்சு செல்லாது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. வேனில் ஏறி, மீதி இருந்த ஒரே இடத்தில், இருமுகிற பெரியவரின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

மறுநாள் சாயங்காலம் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் இரவெல்லாம் வரிசையில் உட்கார வைத்து மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களாம். ரிசல்ட் மூன்று நாளில் வரும் என்றார்களாம். வீட்டைச் சுற்றித் தகரம் அடித்தார்கள், பிளீச்சிங் பவுடர் தூவினார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். திரௌபதி தன் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்தாள். இனி இவர்கள் சிரிக்க மாட்டார்கள் என்று நினைத்தாள்.

எங்கே? தகரத்துக்குள்ளே இருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெளியே போகிற வேலை இல்லாததால் வினோத் நாள் பூராவும் பெண்டாட்டி பக்கத்திலேயே இருந்தான். ஊரார் ஆளுக்கொரு பாத்திரமாகத் தகரத்துக்கு மேலே எட்டிக் கொடுத்தார்கள். பிள்ளைத்தாச்சிக்கு என்று செசிலியா நண்டுக் குழம்பு வைத்துக் கொடுத்தாள். நண்டு. இத்தனை வருடம் கழித்தும் நண்டு அவள் தட்டுக்கே போகிறது. உள்ளே போட்டுப் பூட்டியும் அவளே ராணி, வெளியே தொப்பி போட்டுக்கொண்டு வெயிலில் திரிகிற தான் வேலைக்காரி. தகரத்தைப் பார்த்தும் பொறாமைப்பட ஒருத்தியால் முடியும் என்றால் அது திரௌபதியால்தான் முடியும்.

மூன்றாம் நாள் தாள்களை அடுக்கி நோட்டோடு சரிபார்த்துக்கொண்டிருந்த மஸூதா நிமிர்ந்தாள். "அக்கா, செசிலியா வூட்ல பன்னெண்டு பத்துன்னு போட்டுருக்க. அதே நேரத்துல வினோத் அண்ணன நெழல்ல உக்கார வெச்சிருக்கன்னு போட்டுருக்க. ரெண்டு எடத்துலயும் எப்டிக்கா இருந்த?"

"கடிகாரம் முன்ன பின்ன ஓடும். உனக்கு இன்னா இப்ப?" என்று திரௌபதி எரிந்து விழுந்தாள்.

மஸூதா நோட்டை மூடினாள். அடுக்கிய தாளை மட்டும் பைக்குள் வைக்காமல் கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். அன்று திரௌபதிக்குச் சோறு இறங்கவில்லை. ரிசல்ட் நல்லபடியாக வந்து தகரத்தை எடுத்துவிட மாட்டார்களா என்று ஒரு மனம் வேண்டியது, வந்துவிடப் போகிறதே என்று இன்னொரு மனம் பயந்தது. ரிசல்ட்டோ அமாவாசை வரைக்கும் வரவே இல்லை.

அமாவாசை விடிந்தது. கரையில் ஊரே கூடியிருந்தது. முகம் மூடிய கூட்டம், ஆனாலும் யார் யார் என்று நடையிலேயே தெரிந்தது. ஏழரைக்கு நீரோட்டம் மாறும். அதற்குள் கழி நட்டாக வேண்டும். ஆறேகாலுக்கு விஜயராகவன் மூன்று தடவை வினோத் பேரைக் கூப்பிட்டார். தகரம் பதில் சொல்லுமா? "அப்ப அடுத்த சீட்டு. அங்கமுத்து, எறங்குப்பா" என்றார்.

அங்கமுத்து சந்தோஷப்படவில்லை, வருத்தப்படவும் இல்லை. கட்டுப்பாடு கட்டுப்பாடுதானே என்று படகைத் தள்ளினான். ஆறு வருடமாகத் தள்ளாத படகு, மூச்சு வாங்கியது. அதை நீரில் இறக்கிவிட்டு நிமிர்ந்தபோது எதிரே மஸூதா நின்றாள். தடத்துக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் சூடு பார்த்துத்தான் அனுப்ப வேண்டும் என்பது அப்போதைய சட்டம். சொந்தப் புருஷனுக்குத் திரௌபதி பார்க்கக்கூடாது என்று மஸூதாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

நூறு புள்ளி ஆறு.

கூட்டம் கசமுசவென்றது. மஸூதா சிவப்புத் தாளைத் தொடவே இல்லை. "படகு தள்ளினீங்கள்ல அண்ணா, ஒடம்பு சூடாத்தான் இருக்கும். பத்து நிமிஷம் அந்த மரத்தடில உக்காருங்க. அப்பால பாக்கலாம்."

"நீரு மாறிடப் போவுதும்மா" என்றார் விஜயராகவன்.

"மாறட்டும் அய்யா. பத்து நிமிஷம் அவருக்குக் குடுத்தே ஆவணும். அது அவரோடது."

அங்கமுத்து மரத்தடியில் உட்கார்ந்து துண்டால் விசிறிக்கொண்டான். ஊரே சுற்றி நின்று அவனைப் பார்த்தது. சும்மா இருந்திருக்கலாம். பொதுவாகவே பேசாத மனுஷன், அன்றைக்கென்று பெருமையாக வாயைத் திறந்தான்.

"சரியாத்தான் சொல்லுது இந்தப் பொண்ணு. எங்க வூட்டுக்காரியும் வினோத்த இப்டிதான் பத்து நிமிஷம் உக்கார வெச்சுப் பாத்தா. சொந்தத் தங்கச்சி புருசன்னுகூட பாக்கல, சட்டப்படிதான் செஞ்சா."

மஸூதா தலையைக் குனிந்துகொண்டாள். திரௌபதி கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து நிமிடம் இவ்வளவு நீளமா? எத்தனை பேச்சு பேசலாம், எத்தனை தடவை மூச்சு விடலாம், ஒரு மனுஷன் தன் பக்கத்தைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் இருக்கிறது. இதைத்தானே வினோத் கேட்டான். படகு கேட்டானா, வீடு கேட்டானா?

மஸூதா மறுபடி பார்த்தாள். தொண்ணூற்றெட்டு புள்ளி நாலு. "போலாம் அண்ணா."

அங்கமுத்து எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டு, கழியைக் கையில் எடுத்தான். "வெக்கல" என்றாள் திரௌபதி.

"இன்னா?" என்றான் அவன்.

"வினோத்த நான் நெழல்ல உக்கார வெக்கல. அவன் கேட்டான். நான் வெக்கல. வெச்சேன்னு பொய் எழுதினேன்." குரல் நடுங்கவில்லை, அதுதான் அவளுக்கே ஆச்சரியம். "சத்யாவப் பாத்தா எனக்கு ஆவல. சின்ன வயசுலருந்து ஆவல. அவளுக்கே எல்லாம் போவுதேன்னு வயிறு எரிஞ்சுது, எழுதிட்டேன்."

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அங்கமுத்து கையில் இருந்த கழியை மணலில் போட்டான். மஸூதா பால்ராஜுக்குப் போன் போட்டாள். நடந்ததை அப்படியே ஒப்பித்தாள். பிறகு அவர் சொன்னார், வாயால் சொன்னால் செல்லாது, விதிப்படி பார்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். அனுப்பினால் தாள் ரத்து, தகரத்தைத் திறக்கலாம். வேலை போகும், மேலே என்ன நடவடிக்கை வரும் என்று தனக்கே தெரியாது.

திரௌபதி மணலில் உட்கார்ந்து தொடைமேல் தாளை வைத்து எழுதினாள். நிழலில் உட்கார வைக்கவில்லை. ஒரே தடவைதான் பார்த்தேன். நேரம் பொய். கையெழுத்துப் போட்டுவிட்டுத் தொப்பியைக் கழற்றினாள், பையையும் கருவியையும் மஸூதாவிடம் கொடுத்தாள். மஸூதா தாளைப் படம் எடுத்து அனுப்பினாள். மணி ஆறு ஐம்பது. விஜயராகவனே போய்த் தகரத்தைப் பிரித்தார், கரையில் இருந்தவர்களும் பின்னாலேயே வந்தார்கள்.

வினோத் கதவைத் திறந்துகொண்டு வந்தான். விஷயத்தைச் சொன்னார்கள். திரௌபதியைத் திரும்பிப் பார்க்கக்கூட அவனுக்கு நேரம் இல்லை. மூலையில் சாத்தியிருந்த கழியைத் தூக்கித் தோளில் வைத்தான், கரைக்கு ஓடப் பார்த்தான்.

"அண்ணா, நில்லுங்க" என்றாள் மஸூதா.

அவன் நின்றான்.

"உங்களுக்கும் பாக்கணும். பத்து நிமிஷம் நெழல்ல உக்காருங்க."

சிலர் முணுமுணுத்தார்கள். வினோத் முணுமுணுக்கவில்லை. அன்று தனக்கு மறுக்கப்பட்ட அதே பூவரச மரத்தடியில், கழியை மடிமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். சத்யா வாசல்படியில் நின்றாள். ஏரிப் பக்கம் இருந்து காற்று வந்தது. நல்ல நிழல், நல்ல குளிர்ச்சி. பத்து நிமிடம் முடிந்ததும் மஸூதா நெற்றிக்கு நேரே கருவியைப் பிடித்தாள். பார்த்தாள். மறுபடி பார்த்தாள். கருவியைத் துடைத்து மூன்றாவது தடவை பார்த்தாள்.

"இன்னாம்மா?" என்றார் விஜயராகவன்.

"நூத்தி ரெண்டு" என்றாள் மஸூதா.

வினோத் மடியில் இருந்த கழியை எடுத்து மரத்தில் சாய்த்து வைத்தான். "நேத்து ராத்திரிலருந்தே ஒடம்பு வலிக்குது. உள்ள அடைஞ்சு கெடந்ததுலன்னு நெனச்சேன்" என்றான். பிறகு நிதானமாக, யாரையும் குறை சொல்லாத குரலில், "அந்த வேன்ல பெரியவரு பக்கத்துலதான் எடம் இருந்துது. மண்டபத்துலயும் ராத்திரி பூரா அவரு பக்கத்துலதான் உக்கார வெச்சாங்க" என்றான்.

திரௌபதியின் காதிலும் அது விழுந்தது. அவள் பொய்யாக எழுதிய காய்ச்சல் அவனைத் தேடிப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறது. எழுதும்போது அவனுக்கு ஒன்றுமே இல்லை. இப்போது நூற்றிரண்டு.

மஸூதா சிவப்புத் தாளை எடுத்தாள். இந்தத் தடவை இரண்டு கட்டத்திலும் சரியான நேரம் இருந்தது. "எழுதும்மா" என்றான் வினோத். "இப்ப எழுது. இது என் காய்ச்சல்." யாரும் சொல்லாமலே எழுந்து, எல்லோரிடமிருந்தும் தள்ளி நடந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த வலைக் கொட்டகைக்குள் போனான். கதவை அவனே உள்ளிருந்து சாத்திக்கொண்டான்.

விஜயராகவன் அங்கமுத்துவைப் பார்த்தார். அவன் தலையை ஆட்டினான். "எனக்கு வாணாம் தலைவரே. சொம்புல என் சீட்டே போடலன்னு வெச்சுக்க."

அடுத்த சீட்டு என்று ஒன்று இல்லாவிட்டால் என்ன செய்வது என்று ஊர்க் கட்டுப்பாட்டில் எங்கேயும் சொல்லியிருக்கவில்லை. தலைவர் தாடியைச் சொறிந்தார். "இன்னிக்கு அந்தத் தடம் சும்மா கெடக்கட்டும். எடம் காலியாவே இருக்கட்டும். பையன் தேறி வரட்டும், அப்பால பேசிக்கலாம்" என்றார். மற்ற படகுகள் தங்கள் தங்கள் தடத்துக்குப் போயின. வினோத்தின் தடத்தில் ஒரு கழியும் இல்லாமல் நீர் ஓடியது.

வாசலில் சத்யா மட்டும் நின்றாள். திரௌபதி தெருவைத் தாண்டி வந்தாள். நாலடி தள்ளி நின்றாள். என்ன சொல்வது? மன்னிப்பு என்று ஆரம்பித்தால் அதுவும் தனக்காகக் கேட்பதாகத்தான் இருக்கும். "சத்யா" என்று மட்டும் வந்தது.

சத்யா அவளையே பார்த்தாள். முதல் தடவையாக அவளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. இத்தனை வருடம் சத்யா எதைக் கண்டுகொள்ள மாட்டாளா என்று திரௌபதி ஏங்கினாளோ, அதைக் கண்டுகொண்ட பார்வை. அழுகை இல்லை, கோபம்கூட இல்லை. கை வயிற்றின்மேல் இருந்தது.

"நாலு நாளா அவரு பக்கத்துலதான் படுத்துங்கெடந்தேன்" என்றாள் மெதுவாக. "எனக்கும் பாக்கணும்ல. பத்து நிமிஷம் நெழல்ல உக்காரட்டுமாக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் படியிறங்கிப் போய் மரத்தடியில் உட்கார்ந்தாள். வயிறு பெரிதாக இருந்ததால் கீழே உட்காரச் சிரமப்பட்டாள். பிடிக்க வினோத் இல்லை. திரௌபதியின் கை தானாக நீண்டது, நாலடி தள்ளி நிற்க வேண்டும் என்பதால் பாதியில் நின்றது. சத்யாவிடம் இருக்கிற எதுவுமே தனக்கு வேண்டாம் என்று பிறந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்குத் தோன்றியது.

மஸூதா கடிகாரத்தைப் பார்த்துத் தாளில் நேரம் குறித்தாள். ஏழு பன்னிரண்டு.